பாட்டை நிறுத்தும் வளைவு

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும், பிழைகளும் இருக்கும். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லத் தெரிந்திருந்தால் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு நான் ஓட்டும் ஜீப்பின் பாட்டுப்பெட்டியில் ஒரு சிவப்புப் பென்டிரைவ் செருகியபடியே இருக்கிறது. என் அண்ணன் மனைவி, எனக்கு மதினி, தானே கட்டித் தானே பாடிய முதல் பாட்டுத் தொகுப்பு அது. சிலமலையிலிருந்து மலையேறி ஏலக்காய் எடுத்துக்கொண்டிருந்தவர். முழங்கால் விட்டுப்போய் வீட்டில் உட்கார்ந்த பிறகு, செடியடியில் குந்தியபடி அத்தனை காலம் முணுமுணுத்ததையெல்லாம் தேனியில் ஓர் ஒலிப்பதிவு அறையில் பாடிவிட்டு வந்தார். துணைக்கு ஒரு கஞ்சிரா மட்டும்.

அதில் ஒரு பாட்டு. விடியுமுன் ஜீப் ஏற வேண்டிய தாய், மகள் பள்ளிக்குக் கிளம்பும்போது தான் இருக்க மாட்டோமே என்று, தூங்குகிறவளை மடியில் சாய்த்துச் சடை பின்னிவிட்டுப் புறப்படுகிறாள். அவ்வளவுதான். புலம்பல் கிடையாது. ‘முழிச்சிராத கண்ணு, இன்னும் ஒரு பின்னல்தான்’ என்று முடியும். அந்த இடத்தில் பிள்ளை விழித்துவிடுமோ என்பதுபோல மதினியின் குரல் இறங்கிவிடும். முதல் தடவை கேட்டபோது கியர் மாற்ற மறந்துபோனேன்.

ஊரில் யாரும் கேட்கவில்லை. “சடை பின்றதெல்லாம் ஒரு பாட்டா? குத்துப்பாட்டு போட்டிருந்தா கல்யாண வீட்டுல ஓடியிருக்கும்” என்றார் அண்ணன். “இனிப் பாட்டுக் கட்டுற சோலியே வேணாம் தம்பி” என்று மதினி என்னிடம் சொன்னார். அந்தப் பாட்டு என்னை என்ன செய்தது என்று சொல்ல நினைத்தேன். “டீ ஆறிருச்சு மதினி” என்றுதான் வாயில் வந்தது.

ஜீப்பில் தினமும் அதைத்தான் போட்டேன். போடிமெட்டு ஏற்றத்தில் மஞ்சு இறங்கி ரோடு மறைந்தால், மேலிருந்து வரும் வண்டியின் ஹாரன் கேட்பதற்காகப் பாட்டை நிறுத்திவிடுவோம். ஒருநாள் அப்படி நிறுத்தியபோது, காயெடுக்கப் போகும் பெண்கள் விட்ட இடத்திலிருந்து மெதுவாகப் பாடினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். “பெட்டியை அமத்துனீக, சரி. எங்க வாயையும் அமத்தப் போறீகளாண்ணே?” என்றாள் ஒருத்தி.

அன்று மாலை மதினியிடம், “நாளைக்கு என்கூட மேல வரை வந்துட்டுப் போங்க” என்று மட்டும் சொன்னேன். எதற்கு என்றார். சொல்லத் தெரியவில்லை. ஆனாலும் வந்தார், முன்சீட்டில் உட்கார்ந்தார். மஞ்சு மூடிய வளைவில் பெட்டியை நிறுத்தினேன். பின்னால் பாட்டு நிற்கவில்லை. மதினி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு தாங்காமல், அழுகுரலில், தாமும் சேர்ந்துகொண்டார்.

“யக்கா, அந்த எடத்துல சத்தத்தைக் கூட்டாதீக. பிள்ள முழிச்சிரும்ல!” என்று பின்னாலிருந்து ஒருத்தி திருத்தினாள்.

மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி ஆத்தா, நீ சொல்றாப்லயே பாடுறேன்.”

பெண்களிடம் நானாகப் பேசியதே இல்லை. ரோட்டைப் பார்த்தபடி, “அதைக் கட்டுனவுகளே இவுகதாம்மா” என்றேன். பிறகு திருத்தியவளின் கை நீண்டு வந்து மதினியின் தோளைத் தொட்டது. “எங்க வீட்டுக்குள்ள எப்பக்கா வந்து பாத்தீக?”

மதினி இப்போது மறுபடி பாட்டுக் கட்டுகிறார். என் விரல் பட்டுப் பட்டுப் பென்டிரைவின் சிவப்பு வெளுத்துவிட்டது. அன்று நான் பேசியதும் அந்தப் பெண்களிடம்தான். மதினியிடம் சொல்ல வேண்டியது பாக்கி இருக்கிறது. மதினி, அந்தப் பாட்டு நல்லா இருக்கு.

ஐப்பசி, கடைசி வெள்ளிக்கிழமை.