அமாவாசைக்குக் காலி செய்யும் அறை

அறுபதுகளின் கடைசியில் தாலுகா ஆபீஸ் வேலைக்காகத் திருவள்ளூர் வந்தபோது, கோயில் குளத்தை ஒட்டிய பழைய கடைத்தெருவில் எனக்கு ஒரு மாடி அறை கிடைத்தது. கீழே பாத்திரக் கடை. குறுகலான மரப்படி, சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், தெருவைப் பார்த்தபடி கம்பி போட்ட பால்கனி. அந்தத் தெருவில் எல்லா மாடிகளும் இப்படித்தான். அமாவாசைக்குக் குளத்தில் முழுக வரும் ஜனங்கள் ஓர் இரவு படுத்து எழுந்து போவதற்காகக் கட்டியவை. யாரும் குடியிருப்பார்கள் என்று நினைத்துக் கட்டவில்லை. அடுப்பு வைக்க ஒரு மூலைகூடக் கிடையாது.

கடைக்காரர்தான் வீட்டுக்காரர். முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டார். "தம்பி, அமாவாசைக்கு மொத நாளு ரூமைக் காலி பண்ணிக் குடுத்துடணும். ஜனம் வரும். மறுநாளு சாயங்காலம் வந்துக்கினா போதும்."

மற்ற மாடிகளில் இருந்த ஒண்டிக்கட்டைகளுக்கு இது கொண்டாட்டம். சொந்த ஊருக்கு ரயிலேறிவிடுவார்கள். எனக்கு அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. போக ஊர் கிடையாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காலண்டரில் அந்தக் கறுப்பு வட்டத்தைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பையில் துணியை அடைத்துக்கொண்டு ஸ்டேஷன் பெஞ்சில் போய் உட்காருவேன். எங்கே போகிறாய் என்று ஒருவரும் கேட்டதில்லை. கேட்க மாட்டார்களா என்று ஏக்கமாக இருக்கும்.

ஓர் ஆடி அமாவாசைக்கு முந்தின சாயங்காலம் ஸ்டேஷனில் நிற்கவும் இடமில்லை. தூறலுக்குத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்கே திரும்பினேன். எல்லாப் பால்கனிகளிலும் யார் யாருடைய ஈரத்துணியோ தொங்கியது. வீட்டுக்காரர் கடை வாசலில் நின்று ஆள் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாள் மட்டும் அந்தத் தெருவில் யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள், கையிலிருக்கும் பையைத்தான் பார்ப்பார்கள்.

"வாங்க சாமி, கொளத்தாண்டயே ரூமு. காத்து பிச்சிக்கினு வரும்" என்று என் பையைப் பிடித்தார்.

கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அதற்குள் மாடிப்படியைக் கை காட்டிக்கொண்டிருந்தார்.

"ரூம்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டேன். என் குரலாவது அவருக்குப் பிடிபடட்டும் என்றுதான்.

"அய்ய, யாரு சாமி இருக்கிறாங்க? மாசம் பூரா காலியாத்தான் கெடக்குது."

வேண்டாங்க என்று பையை இழுத்துக்கொண்டு நடந்தேன். கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவர் பொய் சொன்னதாக எனக்கே தோன்றவில்லை.