போர்டின் மூன்றாவது வரி

நம்புங்கள் என்று கெஞ்சுகிற தெம்பு எனக்கில்லை. ஆனால் நடந்தது. அதுவும் பட்டப்பகலில். நேரத்தைக்கூடக் கூட்டிக் குறைக்காமல் எழுதுகிறேன்.

என் கணவருக்கு ஒரு பைத்தியம் உண்டு. தீப்பெட்டி அளவில் மலிவான சர்க்யூட் போர்டுகளை வாங்கிவந்து, அக்கம்பக்கத்து வைஃபை, புளூடூத் அலைகளை ஒட்டுக்கேட்க வைப்பார். வீட்டருகே தெரியாத கருவி எது வந்தாலும் கத்துகிற மாதிரி ஒரு காவல் நிரல் எழுதி, இணையத்தில் எல்லோருக்கும் சும்மா கொடுத்தார். மாமனாருக்கு மறதி நோய் முற்றியபோது அதே நிரலைத் திருப்பிப் போட்டார். இனி வீட்டு ஆள் வெளியே போனால்தான் கத்தும். ஆளுக்கொரு சின்ன புளூடூத் வில்லை. மாமனாருடையது கைக்கடிகாரப் பட்டையில், எங்களுடையவை சாவிக்கொத்தில். போர்டின் குட்டித் திரையில் மூன்று வரிகள்: மாமனாருக்குப் பெரியவர், எனக்கு மகாராணி, தனக்கு அடியேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஓர் எண். ஆள் அருகில் வந்தால் எண் குறையும், விலகினால் கூடும். பெரியவரின் எண் அறுபதைத் தாண்டினால் கத்தல்.

என் கணவர் போய் எட்டு மாதமாகிறது. சாலை விபத்து. ஆஸ்பத்திரியில் கொடுத்த சாவிக்கொத்திலிருந்து அவருடைய வில்லையைக் கழற்றி, அதன் பேட்டரியை மாமனாருடையதில் போட்டேன். புதிது வாங்கக் கடைக்குப் போக நேரம் ஏது? அன்றிலிருந்து, நான் பார்க்கும்போதெல்லாம், மூன்றாவது வரியில் வெறும் கோடுதான்.

மாமனார் மில் தொழிலாளியாக இருந்தவர். இரண்டாம் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எண்ணிக்கொண்டு கிளம்பிவிடுவார். இரண்டு முறை தொலைந்தார். நாத்தனார் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இன்னொரு தடவைன்னா ஹோம்தான் அண்ணி. உங்க மூஞ்சியக் கண்ணாடில பாத்தீங்களா? எங்கப்பாவுக்கு நீங்க அக்கா மாதிரி இருக்கீங்க."

சிரித்து வைத்தேன். அவரையும் அனுப்பிவிட்டால் அந்த வீட்டில் என்னை "அம்மா, சாப்பிட்டியா" என்று கேட்க யார் இருக்கிறார்கள்?

அன்று வியாழக்கிழமை. முந்தின இரவு முழுக்க மாமனாரும் உறங்கவில்லை, என்னையும் உறங்க விடவில்லை. மதியம் இரண்டு மணிக்குப் போர்டைத் தலையணை உறைக்குள் செருகிக்கொண்டு படுத்தேன். தினமும் அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு வாய்த்த தூக்கம். அடித்துப் போட்டதுபோல் கிடப்பேன்.

2.43. பீப்... பீப்... பீப்...

வாசற்கதவு திறந்து கிடந்தது. மாமனாரின் செருப்பைக் காணோம். திரையைப் பார்த்தேன்.

பெரியவர் 71.

அடியேன் 71.

கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. இழுப்பறையைத் திறந்தேன். கணவருடைய வில்லை வைத்த இடத்திலேயே கிடந்தது. பேட்டரிக் குழி காலி.

தெருவில் ஓடினேன். வலப்பக்கம் போனால் எண் ஏறியது. இடப்பக்கம் திரும்பினேன். 66, 66. 63, 63. ஒன்று குறைந்தால் மற்றதும் குறைந்தது. கைகோத்து நடப்பவர்களைப்போல...

2.51. மூடிக்கிடந்த மில்லின் பின்சுவர். அதில் இடிந்த ஒரு சந்து. எண் 59 ஆனது. கத்தல் நின்றது. அந்த அமைதி கத்தலைவிட மோசமாக இருந்தது.

உள்ளே பழைய தண்ணீர்த்தொட்டி. அதன் விளிம்பில் மாமனார். ஒரு கால் அந்தரத்தில். உடம்பு முழுக்கத் தொட்டிப் பக்கம் சாய்ந்திருந்தது.

விழவில்லை.

இடக்கை பின்னால் விறைத்து நீண்டிருந்தது. யாரோ பிடித்து இழுப்பதுபோல.

"மாமா!"

"வந்துட்டியாம்மா? சங்கு ஊதியாச்சு, உள்ள போகணும்னா இவன் விடமாட்டேங்கிறான்."

"யாரு மாமா?"

"கேக்குறா பாரு கேள்வி... உம் புருஷன்தான். அவ தூங்கட்டும், எழுப்பாதேங்கிறான்."

வலக்கையைப் பிடித்து இழுத்தேன். வியர்வையில் வழுக்கியது. இடக்கையைப் பற்றினேன்.

பனிக்கட்டி.

மாமனார் தரையில் உட்கார்ந்துவிட்டார். என் இன்னொரு கையில் போர்டு.

பெரியவர் 24.

அடியேன் 21.

17...

13...

போர்டின் சுவிட்சை அணைத்துவிட்டேன்.

நாத்தனாரிடம் நான் மூச்சுவிடவில்லை. மாமனார் இன்றுவரை என்னோடுதான் இருக்கிறார்.

மறுநாள் மாலை, என் கணவரோடு சேர்ந்து நிரல் எழுதிய நண்பனை வரவழைத்தேன். எந்நேரமும் சால்டரிங் புகையில் கிடப்பவன் என்பதால் அவனுக்கு 'ஈயம்' என்று பெயர் வைத்திருந்தார். போர்டைக் கணினியில் செருகினான்.

"ஏதாச்சும் கோளாறா இருக்கும்க்கா. நான் எழுதின பகுதியாத்தான் இருக்கும், அவன் எழுதினது கெட்டுப்போகாது..." சொல்லிக்கொண்டே வந்தவன் நிறுத்திவிட்டான்.

"என்னப்பா?"

"அடியேன் வரில வர்ற எண்ணையெல்லாம் இது நேரத்தோட பதிஞ்சு வச்சிருக்கு. நேத்து மட்டும் இல்லக்கா... எட்டு மாசமா. தினமும். மத்தியானம் ரெண்டுலேர்ந்து மூணு வரைக்கும்."

"எவ்வளவு?"

"ஒம்பது."

தன் பையிலிருந்து ஒரு வில்லையை எடுத்துப் போர்டின்மேல் வைத்து அழுத்தினான். 20. எவ்வளவு அழுத்தியும் அதற்குக் கீழே இறங்கவில்லை.

"இதுக்கு மேல கிட்டப் போக வழியே இல்லக்கா."

வியாழக்கிழமை வரிகளை நானே படித்தேன். 2.40 வரை 9. பிறகு 2.41-க்கு 30. 2.43-க்கு 62. என் பக்கத்திலிருந்து எழுந்து, அப்பா பின்னாலேயே போயிருக்கிறார்.

அதற்கும் கீழே வெள்ளிக்கிழமை வரிகள் இருந்தன. அன்று மதியம் நான் படுக்கவே இல்லை. போர்டை இடுப்பில் செருகிக்கொண்டு, நின்றபடியே துணி துவைத்துக்கொண்டிருந்தேன்.

2.00. அடியேன் 9.

2.01. அடியேன் 8.