நார்மல் என்று வந்த கை

எக்ஸ்ரே எடுப்பவளுக்கு உள்ள ஒரே அதிகாரம் "அசையாதீங்க" என்று சொல்வதுதான். அதையும் என் குரலில் சொன்னால், என்னம்மா சொன்னே என்று கேட்டு நோயாளி அசைந்துவிடுவார். வாயைத் திறக்கப் பயந்துகொண்டே வேலை பார்க்கும் உங்களுக்கு இது புரியும். செம்மண்டலத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துச் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போகிறேன்.

முதல் படம்

குமராட்சிப் பக்கம் நடவு வேலை செய்யும் செல்வி, கணவரோடு வந்தார். முப்பது வயதிருக்கும். இரண்டு கையிலும் விரல் கணுக்கள் உப்பியிருந்தன. காலையில் எழுந்து இரண்டு மணி நேரத்துக்கு விரலை மடக்க முடியவில்லையாம். முடக்குவாதமோ என்று மூட்டு டாக்டருக்குச் சந்தேகம்.

எக்ஸ்ரேயில் எலும்பு சுத்தமாக இருந்தது. ஆரம்பத்தில் அப்படித்தான் இருக்கும். எலும்பை அரித்த பிறகுதான் என் படத்தில் தெரியும். அதற்குள் விரல் கோணிவிடும். இதைச் சொல்ல நான் தைரியம் சேர்ப்பதற்குள், கணவர் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தையைப் படித்துவிட்டார். "நார்மல்னு போட்ருக்கு பாரு. நாளைக்கு நடவுக்குப் போ, நடிச்சது போதும்."

இரண்டு ஊசி

மூட்டு டாக்டர் விடவில்லை. வண்ண ஸ்கேனுக்கு எழுதி அனுப்பினார். மூட்டுச் சவ்வில் அழற்சி இருந்தால் அங்கே ரத்தம் பாய்வது திரையில் சிவப்பாகத் தெரியும். அன்று சிவப்பே இல்லை.

வெளியே வந்த செல்வி, பையின் ஜிப்பைத் தானே இழுத்து மூடினார். போன தடவை அதை மூடிக் கொடுத்தது நான். எப்படி என்று கேட்டேன். கூச்சத்தோடு சொன்னார்: "டாக்டரு கைய நீட்டச் சொல்லுவாரு, நீட்டலன்னா மரியாதையா இருக்குமா? அதான் நேத்து ஒண்ணு, இன்னிக்கு ஒண்ணு, வலி ஊசி போட்டுக்கினு வந்தேன்."

கதவு

வலி ஊசி அழற்சியை மறைத்துவிடலாம் என்று கல்லூரியில் படித்திருந்தேன். ஸ்கேன் டாக்டர் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடப்போனார். இன்னொரு 'நார்மல்' போனால் செல்வியை யாரும் மறுபடி கூட்டி வரமாட்டார்கள்.

கதவில் போய் நின்று ஊசி விஷயத்தைச் சொன்னேன். காதில் விழவில்லை என்றார். திரும்பச் சொன்னேன். எக்ஸ்ரே ரூமில் ஆட்கள் காத்திருக்கிறார்களே என்றார். நான் நகரவில்லை. அவர் பேனாவை மூடி வைத்தார். "சரி, ஊசி போடாம வரட்டும். அப்பவும் ஒண்ணும் இல்லன்னா அந்தப் புருஷனுக்கு நீதான் பதில் சொல்ற."

முதல் மினிபஸ்

மூட்டு டாக்டரைக் கேட்டு ஊசியை நிறுத்தி, பத்து நாள் கழித்து முதல் மினிபஸ்ஸில் வந்தார்கள். செல்வி தலைகூட வாரவில்லை; சீப்பைப் பிடிக்க முடியவில்லை.

இந்த முறை கணுவுக்குக் கணு சிவப்பு மினுங்கியது. ஸ்கேன் டாக்டர் கணவரை உள்ளே அழைத்துக் காட்டினார். இப்போதே மருந்து தொடங்கினால் விரல்களைக் காப்பாற்றலாம் என்றார். கணவர் தரையைப் பார்த்தார். கையில் ஜெல்லோடு செல்வி சொன்னார்: "கீழ என்னா பாக்குற மாமா, அங்க பாரு. இதான் நான் நடிச்சது."

எனக்கு இன்னும் சத்தமாகப் பேச வராது; கதவை மறித்துக்கொண்டு நிற்க நன்றாக வருகிறது.