பேரதிர்ச்சி வேண்டாம்

கானா நாட்டுக் குமாசி நகரில் பன்டாமா பக்கம் யாராவது கண்ணை மூடினால், பெட்டி செய்பவருக்கு முன்னால் கொனாடுவைத் தேடித்தான் ஆள் வரும். அச்சுக்கடையில் உட்கார்ந்து சாவுச் சுவரொட்டிக்கு வாசகம் எழுதுவது அவள் பிழைப்பு. வயதானவர் போனால் ‘மகிமைக்கு அழைப்பு’. இளம் வயதில் போனால் ‘பேரதிர்ச்சி’. மாற்றிப் போட்டால் ஊர் வாய் சும்மா இருக்காது. தெருவையே கெட்ட வார்த்தையில் குளிப்பாட்டிய ஒருவருக்கு ‘அமைதியின் திருவுருவம்’ என்று போடச் சொன்ன குடும்பத்தை, “பக்கத்து வீட்டுக்காரங்களே கிழிச்சுடுவாங்க” என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

அன்றைக்கு வந்தவன் உதிரிபாகக் கடைக்காரன் அம்பொன்சா. எண்பத்து நான்கு வயதில் தூக்கத்திலேயே போய்விட்ட தாய்மாமன் பெடியாக்கோவுக்கு, ஊர் வழக்கப்படி சகோதரி மகனான அவன்தான் வாரிசு. பின்னாலேயே மாமனின் மனைவி அஃப்ரியே கறுப்புத் துணியில் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

“பேரதிர்ச்சின்னு போடு. சிவப்புல, பெருசா.”

“எண்பத்து நாலு வயசுக்கா? அண்ணே, அந்த வயசுல எந்திரிச்சு உக்காந்தாத்தான் அதிர்ச்சி.”

“ராத்திரி சூப் குடிச்சாரு, காலையில ஆளு இல்ல. அதிர்ச்சி இல்லாம என்ன?” அவன் பார்வை ஸ்டூல் பக்கம் போய் வந்தது.

கொனாடுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த வார்த்தை சுவரில் ஏறினால் போதும், சூப் வைத்தது யார் என்று ஊரே கேட்கும். இவன் வாயைத் திறக்கவே வேண்டாம். சடங்கு முடிவதற்குள் அஃப்ரியேயின் தட்டுமுட்டுச் சாமான் தெருவில் கிடக்கும், அவள் இருக்கும்வரை கிடைக்காத வீடு இவன் கைக்கு வந்துவிடும்.

“சரிண்ணே, போட்டுடலாம். மாமாவைக் கடைசியா எப்பப் பாத்தீங்க?”

அவன் கூரையைப் பார்த்தான். “போன ஈஸ்டர்… இல்ல, அதுக்கு முந்தினது.”

“இங்க எல்லாருக்கும் அது தெரியும். பேரதிர்ச்சிக்குக் கீழ உங்க படத்தைப் போட்டா, ‘ஆமா, இவன் வந்ததுதான் பேரதிர்ச்சி’ம்பாங்க.”

அச்சு இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து யாரோ சிரித்து, அதை இருமலாக்கினார்கள்.

“அப்ப மகிமையவே போட்டுத் தொலை!”

“சர்ச் வாசல மிதிக்காத மனுசன்,” என்றாள் அஃப்ரியே, முதல்முறையாக. “பரலோகத்துலேருந்து அழைச்சாலும் போயிருக்க மாட்டாரு.”

“நீங்க சொல்லுங்க அத்தை, என்ன எழுதட்டும்?”

“எனக்கு என்ன தெரியும்? எங்க போனாலும் சொல்லிட்டுத்தான் போவாரு. கொல்லைப்பக்கம் போனாக்கூட, ‘அஃப்ரியே, போயிட்டு வரேன்’னு தெருவுக்கே கேக்கிற மாதிரி கத்துவாரு. இந்தத் தடவை மட்டும் சொல்லாமப் போயிட்டாரு.” சொல்லிவிட்டு அழுதாள்.

கொனாடு எழுதினாள்: ‘இந்த முறை மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.’

அம்பொன்சா எட்டிப் பார்த்தான். “இதுல என்ன கெத்து இருக்கு?”

“கெத்து கீழ வருதுண்ணே. ‘துயரில் வாடும் வாரிசு அம்பொன்சா.’ மாமா பேரை விடப் பெருசா போடறேன்.”

அவன் யோசித்தான். “தங்கக் கலர்ல?”

“தங்கக் கலர்லதான்.”

சனிக்கிழமை சடங்குப் பந்தலில் சூப்பைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சுவரொட்டியைப் படித்தவர்கள் நேராக அஃப்ரியேயிடம் போய், “நெசமாவே எப்பவும் சொல்லிட்டுத்தான் போவாரா?” என்று கேட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவளும் சளைக்காமல் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

தன் பெயருக்குக் கீழேயே நின்றிருந்த அம்பொன்சாவிடமும் ஒரு பெரியவர் வந்தார். “தம்பி, நீங்க யாரு?” என்று கேட்டார்.