அப்பாவின் வலது கால்

படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நான் அஞ்சாவதோடு நின்றவன். எழுத்து கோணலாகத்தான் வரும், எங்கே ர எங்கே ற என்பது இன்றுவரை எனக்குத் தகராறுதான். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. அதனால் எழுதுகிறேன்.

அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. முன்பெல்லாம் மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்போம். பிறகு வீட்டுக்கே வந்து கொடுக்கும் ஏற்பாடு வந்தது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி மாத்திரை கொண்டுவந்தாள். முட்டிவலிக்குப் பயிற்சி சொல்லித்தர ஓர் இளைஞர். படுக்கையில் கிடப்பவர்களுக்குப் புண் கட்ட ஒரு நர்ஸ். எல்லாருக்கும் மேலே டாக்டர். எல்லாம் ஒரே குழு என்றார்கள். அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தப் பெண் வந்தாலே அப்பா காலை மடக்கி வேட்டிக்குள் இழுத்துக்கொள்வார். “மருந்து குடுக்கற கைடா. அதுக்கு நேரா காலை நீட்டலாமா?” என்பார். அவள் பிரஷர் பார்ப்பாள், விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பாள், மாத்திரையை அவர் கையில் கொடுத்து போனில் படம் எடுப்பாள்.

“சிரிங்க மாமா, ஆபீசுக்குப் போற போட்டோ.”

“பல்லு இருந்தாத்தானேம்மா சிரிக்க.”

படத்தில் இடுப்புக்கு மேலேதான் விழும்.

பௌர்ணமி தவறாமல் அப்பா செருப்பில்லாமல் மலை சுற்றுவார். சித்திரையில் கூட்டம் ஜாஸ்தி என்று பகலிலேயே கிளம்பிவிட்டார். தார் ரோடு கொதித்திருக்கிறது. சர்க்கரையில் மரத்துப்போன பாதத்துக்கு அது தெரியவில்லை. வீட்டுத் தரையில் ஈரத் தடத்தைப் பார்த்துவிட்டு நான்தான் அவர் காலைத் தூக்கிப் பார்த்தேன். வலது பாதத்தில் தோல் கழன்று தொங்கியது.

“வலிக்கலடா,” என்றார் அப்பா. “வலிக்காததுக்கு எதுக்கு வைத்தியம்?” ஒரு துணியைச் சுற்றிக்கொண்டார்.

மாத்திரைக்காரப் பெண்ணிடம் சொன்னேன். அப்பா வழக்கம்போல மடக்கி உட்கார்ந்திருந்தார். “புண்ணு பார்க்கறது நர்ஸக்காதான், அண்ணா. நான் சொல்லிடறேன்,” என்றாள். நர்ஸ் வரவில்லை. பக்கத்துத் தெருவுக்கு அவர் வந்தபோது போய் நின்றேன். பேச்சைத் தொடங்கவே எனக்கு நேரமானது.

“நடக்கறாரா?”

“நடக்கறாருங்க.”

“அப்போ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நான் படுக்கைல இருக்கறவங்களுக்கு மட்டும்தான்.”

பயிற்சி சொல்லும் இளைஞர் வந்தார். முட்டியை மடக்கி நீட்டச் சொன்னார். துணிக்கட்டைப் பார்த்து, “டாக்டர்கிட்ட காட்டிடுங்க தாத்தா,” என்று சொல்லிவிட்டு, அந்தக் காலையே பத்து முறை தூக்கச் சொன்னார்.

வேலைக்கு லீவு போட்டு அப்பாவை சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். சீட்டு கொடுப்பவர் முகத்தைச் சுளித்தார். “உங்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருதில்ல? அப்புறம் எதுக்கு இங்க வந்து கூட்டம் சேர்க்கறீங்க?”

“கால்ல புண்ணுங்க.”

“அதுக்குத்தான் உங்க ஏரியாவுக்கு நர்ஸ் போட்டிருக்கே.”

எனக்குப் பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். அப்பா என் கையைப் பிடித்து இழுத்தார். “அதான் சொல்றாங்கல்ல. வாடா.” டாக்டர் அறைக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே அவர் யாருக்கோ எழுதிக்கொண்டிருந்தது தெரிந்தது.

ஆடியில் வீட்டில் ஒரு வாடை வந்தது. எலி செத்திருக்கும் என்று பீரோவுக்குப் பின்னால் தேடினேன். வாடை அப்பாவின் கட்டிலிலிருந்து வந்தது.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் துணியைப் பிரித்துப் பார்த்தார். பிறகு, “இத்தனை நாள் யாரும் பார்க்கலையா?” என்றார்.

“வீட்டுக்கே வந்து பார்த்தாங்க சார்,” என்றேன். நான் நையாண்டி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டாரோ என்னவோ, அதன்பிறகு என்னிடம் எதுவும் கேட்கவில்லை. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இப்போது அப்பா நடப்பவர் இல்லை. அதனால் எல்லாருக்கும் வர வழி கிடைத்துவிட்டது. போன வாரம் ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் வந்து இறங்கினார்கள். நர்ஸ் கட்டைப் பிரித்து, துடைத்து, குழந்தைக்குச் செய்வது போலப் பக்குவமாகக் கட்டினார். இளைஞர் தொடையைப் பிடித்துவிட்டார். மாத்திரைக்காரப் பெண் தலைமாட்டில் நின்றாள். யாரும் கெட்டவர்கள் இல்லை. திட்டலாம் என்றாலும் யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை.

“எப்படி இருக்கு தாத்தா?” என்று நர்ஸ் கேட்டார்.

அப்பா கூரையைப் பார்த்தபடி சொன்னார்: “இருந்த காலைப் பார்க்க ஒருத்தரும் இல்ல. இல்லாத காலைப் பார்க்க மூணு பேரு.”

நர்ஸ் பையை மூடினார். நான் டீ வாங்கி வரத் தூக்கோடு வெளியே போனேன். திரும்பி வந்தபோது ஆட்டோ போய்விட்டிருந்தது.

ஐப்பசி எட்டாம் தேதி, சனிக்கிழமை.