புளியமரத்து நிழலுக்கு உடைந்த பற்கள்

யுத்தத்தால் பஸ்ஸுக்குப் பெட்ரோல் இல்லை. வெண்ணந்தூரிலிருந்து நானும் வீட்டுக்காரரும் கூண்டு வண்டியிலேயே கிளம்பி, இன்று உச்சிவெயிலில் ஆத்தூர் வண்டிப்பேட்டையில் இறங்கினோம்.

இருந்ததே ஒரு புளியமரம். இவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி வருவதற்குள், வேறொரு வண்டிக்காரன் நிழலில் வைத்திருந்த எங்கள் சோற்றுப் பானையை உதைத்துவிட்டு அங்கே மாடு கட்ட முளை அடித்தான்.

"நாங்க எறங்குன எடமுங்க" என்றார் இவர்.

அவன் கல்லால் இவர் நெற்றியைப் பிளந்தான். இவர் முளையைப் பிடுங்கி அவன் வாயிலேயே அடித்தார். பற்கள் உதிர்ந்தன. ரத்தம் துப்பிக்கொண்டே கிழக்குப் பக்கமாக விலகிப் போனான்.

சேலையைக் கிழித்துக் கட்டுப்போட்டு நிமிர்ந்தேன். நிழல் கிழக்கே நகர்ந்திருந்தது.

"ஏனுங்க, வெயில் சுடுதுங்க. அந்தப் பக்கம் போலாமுங்க."

"ரத்தம் சிந்திப் புடிச்ச எடம் புள்ள. நகர மாட்டேன்."

பல் போனவன் நிழலில் படுத்திருக்கிறான். ஜெயித்தவர் வெயிலில் கிடக்கிறார். நீங்களாவது வந்து சொல்லுங்களேன்.