துட்டி சொல்லாத வீடு

கப்பல் வேலை இன்டர்வியூவுக்குப் போகிறவர்கள் ஜெனிலா டீச்சரிடம்தான் இங்கிலீஷ் படிப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரே சொல். அதை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிட்டுத்தான் விடுவாள். அன்றைக்குச் சொல் ‘டாக்’, நாய். முந்தின நாளே போர்டில் எழுதிப் போட்டது.

“‘டாக் டயர்ட்’னா அடிச்சுப் போட்ட மாதிரி அசதி. ‘லெட் ஸ்லீப்பிங் டாக்ஸ் லை’ன்னா ஆறிப்போன சண்டையைக் கிண்டாதேங்கிறது. ‘இன் த டாக்ஹவுஸ்’னா, வீட்டுல ஒருத்தர் கோவத்துக்கு ஆளாகிக் கெடக்கிறது.”

குரலில் ஒரு நடுக்கம் இல்லை. அவளுடைய ஒரே தம்பி ரெக்ஸ் அன்று விடியக்காலம் செத்துப்போயிருந்தான்.

நாலு தெரு தள்ளித்தான் அவன் வீடு. நாலு மணிக்கு அடக்கம் என்று மைக் கட்டிய ஆட்டோ இவள் வாசல் வழியாகவே போனது. ஆனால் இந்தப் பக்கம் துட்டி என்றால், சாவுச் சேதியை ஆள் வந்து வாசலில் நின்று சொல்ல வேண்டும். மூன்று வருஷம் முன்னால், தன் மகள் நிச்சயதார்த்தத்துக்குக் குடித்துவிட்டு வந்தவனை, “நாயே, இனி என் வாசப்படி மிதிக்காத” என்று விரட்டியவள் இவள். ரோஷக்காரப் பயல், மிதிக்கவே இல்லை. இப்போது கூப்பிடாத வீட்டில் எந்த முகத்தோடு போய் நிற்பாள்?

ஒரு ஆள் வரட்டும், ஓடிவிடலாம், பெட்டி மூடுமுன் அவன் முகத்தைப் பார்த்துவிடலாம் என்று காலைப் பேட்ச் எடுத்தாள். மத்தியானப் பேட்சும் எடுத்தாள். அட, என்ன வீம்பு! அழுகை வரவில்லை. பைக் சத்தம் கேட்டால் மட்டும் கண் வாசலுக்குப் போய் வந்தது. நாலு மணியும் ஆனது.

ஐந்தரைக்குக் கல்லறைத் தோட்டத்திலிருந்து நேரே வந்து நின்றாள் ரெக்ஸின் மனைவி ஜெப்ஸி.

“ஏன் மைனி வரல?”

“யாரும் துட்டி சொல்லலியே.”

“உடன்பொறந்தவளுக்கு எவளாவது துட்டி சொல்லி விடுவாளா? அசலாருக்குல்லா ஆள் விடுவாங்க! நீங்க வருவீங்கன்னு பெட்டிய மூடவிடாம அரை மணி நேரம் பாஸ்டரய்யாவ நிக்க வச்சேன்.”

“என்னயப் பத்தி எதுவும் சொன்னானா?”

“‘எங்கக்கா குரைப்பா, கடிக்க மாட்டா. நான் போயிட்டா மொத ஆளா ஓடி வருவா’ன்னு நேத்துக்கூடச் சொன்னாவ.”

ஜெனிலா எழுந்து ஒரு செருப்பை மாட்டினாள்.

“எங்க மைனி போறீங்க?”

“அவன் முகத்தைப் பாக்க.”

“மண்ணு தள்ளியாச்சு மைனி.”

“சரி” என்று மற்றச் செருப்பையும் மாட்டினாள்.